எல் போர்டைக் கழற்றிய பிறகு: சாலையில் மரியாதையாக ஓட்டப் பழகுவது எப்படி?

எட்டுப் போட்டாயிற்று, ஆர்டிஓ ஆபீசில் தேறியாயிற்று, லைசென்ஸும் கைக்கு வந்துவிட்டது. இனி பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல் நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு சென்னைப் போக்குவரத்துக்குள் இறங்கப் போகிறீர்கள். கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தந்திருப்பார்கள். யாருக்கு எப்போது வழி விடுவது, வழி வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது, நம் மேல் தப்பு என்றால் என்ன செய்வது, இதையெல்லாம் அநேகமாக யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது ஒரு பழைய அம்பாசடரில். ஏசி கிடையாது, நாலு கண்ணாடியும் இறங்கியே இருக்கும். வலது கை பாதி நேரம் வெளியேதான். வலப்பக்கம் திரும்புவதாக இருந்தால் கையை நீட்டுவோம். பின்னால் வருபவரைப் போகச் சொல்வதென்றால் நீட்டிய கையை முன்னும் பின்னுமாக வீசிக் காட்டுவோம். எதிரே வருபவரின் முகம் தெரியும், அவர் முணுமுணுப்பதுகூடக் காதில் விழும். அதனாலேயே கொஞ்சம் வாயை அடக்கிக்கொள்வோம். இன்றைக்குக் கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டுவிட்டால் வெளியே இருப்பவர் மனிதராகத் தெரிவதில்லை, வழியை மறிக்கிற ஒரு வண்டியாகத்தான் தெரிகிறார். சாலையில் மரியாதை குறைந்துபோனதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். வண்டிகள் பெருகிவிட்டன, சாலை பெருகவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் என் கணக்கில் முதல் காரணம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றுபோனதுதான். கீழே சொல்லியிருப்பதில் பாதி, அந்தப் பார்வையைத் திரும்பக் கொண்டுவருகிற வழிகள்.

இது வெறும் பண்பாட்டுப் பேச்சு இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம்முடையது. செத்தவர்கள் 17,884 பேர். இதில் எத்தனை, ‘நான் ஏன் விட்டுக்கொடுக்கணும்’ என்ற ஒரு நொடிப் பிடிவாதத்தில் நடந்தவையோ.

கிளம்பும் முன்

பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். மற்ற எல்லா யோசனையும் இதற்குப் பிறகுதான். நேரம் கையில் இருந்தால் சிக்னலில் நிற்பது பாரமாக இருக்காது, ஒரு பாட்டி சாலையைக் கடக்கும்வரை காத்திருப்பதும் பாரமாக இருக்காது. போன் மேப்பை நிற்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே தேடினால் வண்டி நடுரோட்டில் ஊர்ந்து போகும், பின்னால் இருப்பவருக்குக் காரணமே புரியாது.

அப்புறம் கண்ணாடி. பைக்கில் இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது ஒரு ஸ்டைலாக ஆகிவிட்டது. காரிலும் உரசிவிடும் என்று பயந்து மடக்கியே வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பின்னால் யார் வருகிறார்கள் என்றே தெரியாதவர், அவர்களுக்கு எப்படி வழி விட முடியும்? கண்ணாடியைத் திருப்பி வைத்து, தெரிகிறதா என்று பார்த்துவிட்டே சாவியைத் திருகுங்கள்.

சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

சாலையில் நமக்கு வரும் கோபத்தில் பெரும்பகுதி, முன்னால் போகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது செய்யும்போது வருவது. சொல்லாமல் திரும்புவார், சொல்லாமல் நிறுத்துவார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, ஆனால் பின்னால் இருப்பவர் திட்டத் தொடங்கிவிடுவார்.

இண்டிகேட்டரை ஸ்டியரிங்கைத் திருப்பும்போது போட்டால் பயனில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். பின்னால் இருப்பவர் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க இரண்டு மூன்று வினாடி வேண்டும். அதனால் திரும்ப வேண்டிய இடத்துக்கு 30 மீட்டர் முன்பே போட்டுவிடுங்கள். பைக்கில் போகிறவர்கள் திரும்பி முடித்ததும் அணைக்க மறக்காதீர்கள். மூன்று தெரு தாண்டியும் வலது இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே போகிற பைக்கை நம்பி எவரும் முந்த முடியாது.

நேராகப் போகிறேன் என்று சொல்வதற்கு நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து அதைப் பழகாதீர்கள். சந்திப்பில் இடப்பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வண்டியின் இடது பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இந்தப் பக்கம் திரும்பப் போவதாக நினைத்து அவர் வண்டியை நகர்த்துவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். நாலும் சேர்ந்து மின்னினால், வண்டி நின்றுவிட்டது அல்லது நிற்கப் போகிறது என்று பொருள்.

ஹாரன்

சிக்னலில் எண் 5, 4 என்று இறங்கிக்கொண்டிருக்கும். 3 வந்ததும் பின்னாலிருந்து தொடங்கிவிடுவார்கள். முன்னால் நிற்பவருக்கும் அதே எண் தெரிகிறது, அவருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். பச்சை விழுந்தும் அவர் நகரவில்லை என்றால் இரண்டு மூச்சு பொறுத்து, ஒரு சின்னத் தட்டு போதும்.

ஹாரன் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்வதற்கான கருவி. எதிரே வருவது தெரியாத வளைவில், ரிவர்ஸ் எடுக்கிறவர் உங்களைப் பார்க்கவில்லை என்னும்போது, பந்தைத் துரத்திக்கொண்டு பையன் ஓடி வரும்போது தாராளமாக அடியுங்கள். ‘தள்ளிப் போ’ என்று அதட்டுவதற்கு வேண்டாம். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம் உண்டு.

விளக்குக்கும் ஒரு பாஷை இருக்கிறது

வெளிநாட்டில் ஓட்டிவிட்டுத் திரும்பியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அங்கே பல இடங்களில் எதிரே வருபவர் ஒருமுறை விளக்கை மின்னினால் ‘நீங்கள் போங்கள்’ என்று எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அநேகமாக அதற்கு நேர் எதிர்: ‘நான் வருகிறேன், நீ நில்.’ அவர் நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து நன்றி சொல்லிக்கொண்டே குறுக்கே இறங்கினால் விபரீதம்தான். எதிரே விளக்கு மின்னினால், வண்டி வேகம் குறைகிறதா என்று பாருங்கள். விளக்கை நம்பாதீர்கள், சக்கரத்தை நம்புங்கள்.

நீங்கள் வழி விட விரும்பினால் விளக்கை மின்னாமல் வண்டியை நிறுத்தி, கையால் ‘போங்க’ என்று காட்டுங்கள். அதில் குழப்பமே வராது.

இரவில் ஈசிஆர் மாதிரிச் சாலையில் எதிரே வண்டி தெரிந்ததுமே ஹைபீமை டிம் செய்யுங்கள். கண் கூசியவருக்கு அடுத்த சில வினாடிகள் சாலை ஓரம் தெரியாது. அந்த ஓரத்தில்தான் சைக்கிளில் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். எதிராளி டிம் செய்யவில்லை என்பதற்காக நீங்களும் ஹைபீம் போட்டால், இப்போது சாலையில் கண் தெரியாதவர்கள் இரண்டு பேர். பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், வேகத்தைக் குறைத்துக் கடந்துவிடுங்கள்.

நடப்பவர்களுக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, வேளச்சேரிப் பக்கம் கோடு போட்ட இடத்தில் ஓர் அம்மா கையில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு காலைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். நான் காரை நிறுத்தினேன். பின்னால் ஹாரன். அவர் என்னைப் பார்த்து, நம்பி, இறங்கி நடந்தார். அவர் என் பானெட்டைத் தாண்டிய அதே நேரத்தில் எனக்கும் மீடியனுக்கும் இடையில் இருந்த சந்தில் ஒரு பைக் சீறிக்கொண்டு வந்தது. கிறீச்சென்று பிரேக் சத்தம். பைக் அவர் புடவைத் தலைப்பை உரசி நின்றது. பை விழுந்து தக்காளி தார்ச்சாலையில் உருண்டது. அடி எதுவும் படவில்லை. ஆனால் அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. நான் நின்றதால்தானே அவர் இறங்கினார்.

அன்றைக்கு நான் செய்தது பாதி மரியாதை. முழுதாகச் செய்வது இப்படி. கடக்க நிற்பவரைத் தூரத்தில் பார்த்ததும் மெல்ல மெல்ல வேகத்தைக் குறையுங்கள், பிரேக் விளக்கு பின்னால் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். கோட்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே நில்லுங்கள். அப்போது நடப்பவருக்கும் பக்கத்தில் வருகிற வண்டி தெரியும், அந்த வண்டிக்கும் நடப்பவர் தெரிவார். நின்றதும் நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். பிறகு இரண்டு பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். ஏதாவது வந்தால் வலது கையை வெளியே நீட்டி உள்ளங்கையைக் காட்டி நிறுத்துங்கள், நடப்பவரிடமும் ‘இருங்கம்மா’ என்று சைகை செய்யுங்கள். வழி சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே ‘வாங்க’ என்று தலையசையுங்கள். எழுதும்போது நீளமாகத் தெரிகிறது. செய்யும்போது நாலு வினாடி.

சிக்னல் இல்லாத இடத்திலும் கோடு போட்டிருந்தால் நடப்பவருக்குத்தான் முன்னுரிமை. 2017-ன் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதைச் சொல்கின்றன. சிக்னலில் நிறுத்துக்கோட்டுக்குப் பின்னால் நிற்பதும் இதற்காகத்தான். முன்சக்கரத்தை வரிக்கோட்டின் மேல் ஏற்றி நிறுத்தினால், நடப்பவர் உங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு ஓடும் போக்குவரத்துக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக் கோல் வைத்திருப்பவர், ஊன்றுகோலோடு வருபவர், பள்ளிப் பிள்ளைகள் என்றால் கணக்கே பார்க்காமல் நின்றுவிடுங்கள். அவர்கள் பக்கத்தில் ஹாரன் அடிக்கவே கூடாது, மிரண்டு எந்தப் பக்கம் ஒதுங்குவார்கள் என்று தெரியாது.

மழைக்காலத்தில் இன்னொன்று. நவம்பரில் சென்னைத் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும். பஸ் ஸ்டாப்பை ஒட்டித் தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால், வெள்ளை யூனிஃபார்மில் நிற்கிற பிள்ளை அன்றைக்கு முழுக்கச் சேற்றுக் கறையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் கியருக்கு வந்து ஊர்ந்து போங்கள்.

ஆம்புலன்ஸ்

இந்த ஒரு விஷயத்தில் நம் மக்கள் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. மற்ற நேரத்தில் ஓர் அங்குலம் விடாதவர்கள்கூட சைரன் கேட்டதும் ஒதுங்குவதை தினமும் பார்க்கிறேன். 108 சேவை 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கியதிலிருந்து அந்தச் சத்தம் நம் எல்லோருக்கும் பழகிவிட்டது. சிக்கல், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் நகர்வதில்தான்.

பதறாமல் கண்ணாடியில் ஆம்புலன்ஸ் எந்தப் பக்கத்தைப் பிடித்து வருகிறது என்று பாருங்கள். பொதுவாக வலது பக்கம் பிடித்து வரும், அதனால் இடது இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி வேகத்தைக் குறையுங்கள். சிவப்பு சிக்னலில் முதல் ஆளாக நின்று பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால், இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக முன்னால் நகர்ந்து ஓரம் கட்டுங்கள். போக்குவரத்துக் காவலர் இருந்தால் அவர் காட்டுகிறபடி செய்யுங்கள். அது கடந்ததும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அடுத்தவர் உயிருக்காகத் திறந்த வழி அது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

வழியில் விபத்தைப் பார்த்தால் நின்று உதவுங்கள், போலீஸ் கேஸாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். 2019-ல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு உதவுகிறவரைக் காக்கிறது, உங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும்.

லேன், யு டர்ன், சந்து

ஓஎம்ஆரில் யு டர்ன் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக ராங் சைடில் வருவது சாதாரணமாகிவிட்டது. பைக் மட்டும் இல்லை, கார்கூட. நீங்கள் அந்தக் கூடுதல் தூரத்தைச் சுற்றியே வாருங்கள். எதிரே ராங் சைடில் ஒருவர் வந்தால் நியாயம் கேட்க அது இடமில்லை, வேகத்தைக் குறைத்து அவரைக் கடக்க விட்டுவிடுங்கள்.

நேராகப் போவதாக இருந்தால் இடது ஓரத்தில் போய் நின்று, இடப்பக்கம் திரும்புகிறவர்களை அடைக்காதீர்கள். டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வந்த பிறகும் கடைசி நொடியில் வரிசைக்குள் மூக்கை நுழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வரிசையைத் தூரத்திலேயே தேர்ந்தெடுங்கள், தப்பான வரிசையாக இருந்தாலும் அதிலேயே இருங்கள். இரண்டு வரிசை ஒன்றாகக் குறுகும் இடத்தில் பக்கத்திலிருந்து ஒரு வண்டியை விட்டு, அடுத்து நீங்கள் போங்கள்.

சந்துக்குள் எதிரெதிரே வந்துவிட்டால், யாருக்குப் பின்னால் ஒதுங்க இடம் பக்கத்தில் இருக்கிறதோ அவர் ரிவர்ஸ் எடுப்பதுதான் முறை. உங்களுக்கு ரிவர்ஸ் இன்னும் கைவரவில்லை என்றால் கண்ணாடியை இறக்கி, ‘அண்ணே, புதுசா ஓட்டுறேன், நீங்க கொஞ்சம் எடுக்கறீங்களா?’ என்று கேளுங்கள். இப்படிக் கேட்டு எடுக்க மாட்டேன் என்று சொன்னவரை நான் பார்த்ததில்லை.

உணவு டெலிவரிப் பையன்கள் மேல் எல்லோருக்கும் எரிச்சல் வருகிறது. அவர்களுக்கு நிமிடக் கணக்கில் வேலை. இடப்பக்கம் ஒரு பைக் போகிற இடைவெளி விட்டு ஓட்டினால் இரண்டு பேருக்கும் நல்லது.

மலையேறும்போது

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. இங்கே எழுதப்பட்ட விதி ஒன்று இருக்கிறது: குறுகலான மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம், வண்டி பின்னால் உருளும். அதுதான் காரணம். சமவெளியிலிருந்து வார இறுதியில் வருகிறவர்களுக்கு இது தெரியாததால் வளைவில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நெரிசல்.

பஸ் வளைவில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். கீழேயோ மேலேயோ பஸ் தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி நில்லுங்கள். நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி ஒரு பக்க இண்டிகேட்டர் போட்டு ‘முந்திக்கோ’ என்று சொல்வதுண்டு. நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் சிலர் அதற்கு இடது இண்டிகேட்டர் போடுவார்கள், சிலர் வலது. அவர் உண்மையாகவே திரும்பவும் செய்யலாம். உங்கள் கண்ணுக்கு எதிர்ச்சாலை தெரிந்தால் மட்டும் முந்துங்கள், முந்தி முடித்ததும் கையைத் தூக்கிக் காட்டுங்கள் அல்லது சின்னதாக ஒரு ஹாரன். அந்த நன்றி டிரைவருக்குப் போய்ச் சேரும்.

திட்டு வாங்கும்போது

வாங்குவீர்கள். ‘வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?’, ‘கண்ணு தெரியலையா?’, ‘சாவுகிராக்கி’ எல்லாம் முதல் மாதத்துக்குள் காதில் விழும். தப்பு உங்களுடையதாக இருந்தால் கையைத் தூக்கி, ‘சாரிண்ணே’ என்று உதட்டசைவு தெரியும்படி சொல்லுங்கள். பாதிப் பேர் அத்தோடு ‘பாத்துப் போங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தப்பு அவருடையதாக இருந்தால் அடுத்த சிக்னலில் பிடித்து நியாயம் கேட்க வேண்டும் என்று தோன்றும். துரத்தாதீர்கள். உரசல் ஏதாவது ஏற்பட்டிருந்தால் ஓரமாக நிறுத்தி, முதலில் அடிபட்டதா என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வண்டியைப் பாருங்கள், போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸைப் பேசுங்கள். ‘என்ன ஆச்சு உங்களுக்கு?’ என்று முதலில் கேட்டுவிட்டால் சண்டையின் சூடு பெரும்பாலும் இறங்கிவிடும்.

பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள் என்ன வார்த்தை சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

நிறுத்தி இறங்கும்போது

அடுத்தவர் கேட்டை மறித்து நிறுத்தாதீர்கள். வேறு வழியே இல்லை என்றால் போன் நம்பரை எழுதிக் கண்ணாடிக்குள் வையுங்கள், கூப்பிட்டால் உடனே வந்து எடுங்கள். நடைபாதையில் ஏற்றி நிறுத்தினால் சக்கர நாற்காலியில் வருகிறவர் சாலையில் இறங்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போது டிரைவர் சீட்டில் இருப்பவர் இடது கையால் திறந்து பழகுங்கள். வலது கை கதவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பார்க்காமலே திறந்துவிடத் தோன்றும். இடது கையை நீட்டினால் உடம்பும் தலையும் தானாக வலப்பக்கம் திரும்பும், பின்னால் வருகிற பைக் கண்ணில் படும். முதலில் ஒரு சாண் திறந்து, பார்த்து, பிறகு முழுதாகத் திறங்கள். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் சைல்டு லாக் போட்டு வையுங்கள். நீங்கள் இறங்கிச் சுற்றி வந்து, நடைபாதைப் பக்கக் கதவைத் திறந்து அவர்களை இறக்குங்கள்.